பெற்றோரின் சலரோகமும் பிள்ளைகளின் இருபது வயதும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்தத் தமிழ்க் குடும்பத்திடமும் "உங்கள் வீட்டில் ஆருக்குச் சீனி வருத்தம்?" என்று கேட்டால், ஒரு பெயராவது வராமல் இராது. அப்பாவுக்கு என்பார்கள், அம்மம்மாவுக்கு என்பார்கள், கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்கும் என்பார்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும். அந்தப் பதிலால் அதே வீட்டில் வளரும் இருபது வயதுப் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் குறைவு.

இக்கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பெற்றோருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து எவ்வளவு? இரத்தத்தில் சீனி ஏறுவதற்கு முன்னரே உடம்பின் ஓமோன்களில் என்ன மாறுகிறது? அந்த மாற்றத்தை ஆய்வுகூடத்தில் அளக்க வேண்டுமா, வீட்டிலேயே கண்டுகொள்ள வழி உண்டா? கண்டபின் தடுக்க முடியுமா? கொழும்பு, சென்னை, புனே முதல் இலண்டன், பொஸ்ரன் வரை நடந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், இக்கேள்விகள் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான விடைகள் கிடைக்கின்றன.

கொழும்பின் கணக்கு

1990களின் தொடக்கத்தில் இலங்கையின் கிராமப்புற ஆய்வொன்று வயதுவந்தோரில் 2.5% பேருக்கே நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. 1994இல் வெளிவந்த புறநகர் ஆய்வொன்றில் அது 5% அளவில் இருந்தது. நாடு தழுவிய முதற் பெரிய ஆய்வு, பிரசாத் கட்டுலந்தவும் சகாக்களும் 2005–2006இல் நடத்தி 2008இல் வெளியிட்டது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3% பேருக்கு நீரிழிவு என்பது அதன் முடிவு. நகரத்தில் 16.4%, கிராமத்தில் 8.7%. சீனி கூடியும் நோயின் எல்லையை எட்டாத முன்நீரிழிவு நிலையில் இருந்தோரையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவருக்கு மேல். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை என்பதைத் தமிழ் வாசகர் மறக்கக்கூடாது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை மேலும் மோசமாயிற்று. 2018–2019இல் நடந்த தேசிய அளவிலான இன்னோர் ஆய்வு 23% என்ற எண்ணைத் தந்தது. நோயெல் சோமசுந்தரமும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட கொழும்பு நகர ஆய்வில் நீரிழிவு 27.6%. முன்நீரிழிவையும் சேர்த்தால் 57.9%. சில நூறு பேரை மட்டுமே பரிசோதித்த ஆய்வு அது. அந்த எண்ணைத் தசம புள்ளி வரை நம்ப வேண்டியதில்லை. ஆயினும் அது காட்டும் திசையில் ஐயமில்லை. கொழும்பு நகரத்தில் வயதுவந்தோரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சலரோகம் என்றால், பெற்றோர் இருவரில் ஒருவருக்கேனும் அது இருக்கும் பிள்ளைகளின் தொகை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை எவரும் கணக்கிடலாம்.

குடும்பம் கடத்துவது

கட்டுலந்தவின் ஆய்வுத் தரவுகளிலிருந்தே குடும்ப வரலாற்றைத் தனியே பிரித்தெடுத்த கட்டுரையொன்று 2015இல் வெளியாயிற்று. குடும்பத்தில் நீரிழிவு இருந்தவர்களில் 23% பேருக்கு நோய். இல்லை என்றவர்களில் 8.2%. ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபாடு.

சென்னை இக்கேள்வியை இன்னும் முன்னதாகவே கேட்டிருந்தது. எம். விசுவநாதன், வி. மோகன் முதலியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, தாய் தந்தை இருவருக்கும் நீரிழிவு உள்ள பிள்ளைகளை மட்டும் பரிசோதித்தது. அவர்களில் பாதிப் பேருக்கு நோய் இருந்தது. பின்னர் சென்னை நகர்ப்புற மக்களிடம் நடந்த ஆய்வில், பெற்றோர் இருவருக்கும் நோய் இருந்தால் 55%, ஒருவருக்கு மட்டும் என்றால் 22.1%, எவருக்கும் இல்லையென்றால் 15.6% என்ற அளவில் நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ காணப்பட்டது. அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஆய்வும் இதே வரிசையைக் காட்டுகிறது: ஒருவருக்கு என்றால் ஆபத்து சுமார் மூன்றரை மடங்கு, இருவருக்கும் என்றால் சுமார் ஆறு மடங்கு.

இது முழுவதும் மரபணுவின் வேலையா? 2006இல் கண்டறியப்பட்ட டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணு மாறுபாடு, இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடையவற்றில் மிக வலுவானவற்றுள் ஒன்று. அதன் பின் நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. மரபணுவோடு வேறும் பல கைமாறுகின்றன. ஒரே சட்டியில் வடித்த சோறு, காலையில் பாணும் பின்னேரத்தில் ரோல்சும், இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, முச்சக்கர வண்டியில் ஏறிப் பழகிய கால்கள், இரவு பத்து மணிச் சாப்பாடு என எல்லாமே குடும்பத்தின் சொத்துத்தான். தாய்க்கு நோய் இருந்தால் கருவறைச் சூழலும் சேர்ந்துகொள்கிறது. குடும்ப வரலாறு என்ற ஒரே கேள்வி இவை அனைத்தையும் ஒருங்கே அளக்கிறது. எந்த மரபணுப் பரிசோதனையும் இந்த அளவு மலிவாக இத்தனையைச் சொல்லாது.

சீனிக்கு முன் மாறுவது இன்சுலின்

நெடுங்காலம் வரை நீரிழிவு என்றால் இன்சுலின் குறைவு என்றே மருத்துவம் நம்பியது. 1936இல் ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேய மருத்துவர், நோயாளரில் ஒரு சாராரின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பதில் அளிப்பதில்லை என்று காட்டினார். 1960ஆம் ஆண்டளவில் ரொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் இரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தனர். அளந்தபோது, நடுவயதில் நீரிழிவு வந்தோர் பலரின் இரத்தத்தில் இன்சுலின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. அந்த முறைக்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த மாற்றம் நோய்க்கு எவ்வளவு முன்னரே தொடங்குகிறது என்ற அடுத்த கேள்விக்குப் பொஸ்ரன் நகரின் ஜொஸ்லின் நிலையம் விடை தேடியது. பெற்றோர் இருவருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு இருந்தும், தாங்கள் இன்னும் நோயின்றி இருந்த 155 பிள்ளைகளை அங்கே பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். 1990இலும் 1992இலும் வெளிவந்த முடிவுகள் இந்தத் துறையின் போக்கையே மாற்றின. பின்னாளில் நோய் கண்டவர்களின் உடம்பு, அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னரே இன்சுலினை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. அப்போது அவர்களின் சீனி அளவு சாதாரணம். இன்சுலின் மட்டும் கூடியிருந்தது.

உள்ளே நடப்பது இதுதான். உணவிலிருந்து வரும் குளுக்கோசை உள்ளே எடுக்கும்படி இன்சுலின் தசைக்கும் ஈரலுக்கும் கட்டளை இடுகிறது. தசை அந்தக் கட்டளைக்கு மந்தமாகப் பதிலளித்தால், சதையியில் உள்ள பீற்றா கலங்கள் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகின்றன. கணக்குப் புத்தகம் இலாபம் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே கைமுதல் கரைந்துகொண்டிருக்கும் கடையைப் போன்றது அந்த நிலை. பரிசோதனைத் தாளில் சீனி "நோர்மல்" என்றே வரும். பீற்றா கலங்கள் களைத்துப் பின்வாங்கும்போதுதான் சீனி ஏறுகிறது. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் அக்கலங்களின் செயற்றிறனில் ஏறக்குறையப் பாதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும் என்று பிரித்தானியாவின் பெரிய நீரிழிவு ஆய்வொன்று மதிப்பிட்டது. 2009இல் வெளியான இலண்டன் வைற்ஹோல் ஆய்வு இந்தக் கடைசிக் கட்டத்தைத் துல்லியமாக வரைந்தது: நோய் கண்டறியப்படுவதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் இன்சுலினுக்கான உணர்திறன் சரசரவென்று இறங்குகிறது. வெறுவயிற்றுச் சீனி கடைசி மூன்று ஆண்டுகளில்தான் வேகமாக ஏறுகிறது.

உடல் பருமன் இல்லாத பிள்ளையிடமும் இது நடக்கும். யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு 2004இல், நீரிழிவு நோயாளரின் ஒல்லியான, இளவயதுப் பிள்ளைகளைச் சோதித்தது. இன்சுலினுக்கு எதிர்ப்புக் காட்டிய அவர்களின் தசை, ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களின் தசையைவிடச் சுமார் 60% குறைவாகவே குளுக்கோசை எடுத்தது. தசைக் கலங்களுக்குள் கொழுப்பு 80% அளவு கூடியிருந்தது. "பிள்ளை மெலிவுதானே, பயமில்லை" என்று நாம் சொல்லும் ஆறுதலுக்கு இந்த முடிவு இடம் தரவில்லை.

எங்கள் உடம்பின் தனிப் பிரச்சினை

தெற்காசியரிடம் இது இன்னும் முன்னதாகத் தொடங்குகிறது. 1991இல் வெளியான இலண்டன் சவுத்ஹோல் ஆய்வு, அங்கு குடியேறிய தெற்காசியருக்கு வெள்ளையரைவிட வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் அளவும் கூடுதல் என்று காட்டியது. சி.எஸ். யாஜ்னிக் புனே நகரில் நடத்திய ஆய்வுகள் கேள்வியைத் தொட்டில் வரை கொண்டுசென்றன. அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோகிராம். இங்கிலாந்துக் குழந்தைகளைவிட மிகக் குறைவு. ஆனால் அவர்களின் தசையும் உறுப்புகளும் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்புக் குறையவில்லை. 2002இல் வெளியான ஆய்வில், தொப்புள்கொடி இரத்தத்திலேயே இன்சுலின் கூடுதலாக இருந்தது. இலங்கையிலும் குறைந்த நிறையோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 16%. பிறந்தபோது சிறிதாக இருந்து, பின்னர் கொழும்பின் சாப்பாட்டில் வேகமாக நிறை ஏறும் பிள்ளை, குடும்ப வரலாறும் சேரும்போது இரட்டை ஆபத்தில் நிற்கிறது.

இன்சுலினைத் தவிர வேறு சில ஓமோன்களும் முன்கூட்டியே மாறுகின்றன. கொழுப்பிழையம் சுரக்கும் அடிப்போனெக்ரின் என்ற ஓமோன் இன்சுலினுக்குத் துணை நிற்பது. அது குறைந்திருந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்று சென்னையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டின் மதிப்பீடும் அதை உறுதிசெய்தது. பாலியல் ஓமோன்களை இரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் குறைவாக இருப்பதும் பின்னாள் நீரிழிவைச் சுட்டுகிறது. குடல் சுரக்கும் ஓமோன்கள் பற்றி நிறையப் பேசப்படுகிறது. நோய் வராத உறவினரிடம் அவற்றில் கிடைத்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

பெண் பிள்ளைகளிடம் தெரியும் அடையாளம்

இந்த ஓமோன் மாற்றங்கள் வெளியே தெரியும் இடங்களும் உண்டு. முதலாவது கழுத்து. பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுப்பது அழுக்கால் வருவதல்ல. தேய்த்துக் கழுவினாலும் போகாது. கூடிய இன்சுலின் தோலின் கலங்களைத் தூண்டுவதால் வருவது அது.

இரண்டாவது மாதவிடாய் ஒழுங்கின்மை. பி.சி.ஓ.எஸ். என்று அழைக்கப்படும் சூலகக் கோளாறில், கூடுதல் இன்சுலின் சூலகத்தை ஆண் ஓமோன்களை அதிகம் சுரக்கச் செய்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் மயிர் வளர்கிறது, பருக்கள் வருகின்றன. கம்பஹா மாவட்டத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, 15 முதல் 39 வயது வரையான பெண்களில் 6.3% பேருக்கு இது இருப்பதாகக் கண்டது. இந்த நாட்டில் இதை நீண்டகாலம் ஆராய்ந்த பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன, 2002இல் இங்கிலாந்து மருத்துவர்களோடு இணைந்து வெளியிட்ட ஒப்பீட்டில், தெற்காசியப் பெண்களுக்கு இக்கோளாறு இளவயதிலேயே வருவதையும், அவர்களின் வெறுவயிற்று இன்சுலின் கூடுதலாக இருப்பதையும் காட்டினார். கலியாணத்துக்குப் பின் பிள்ளை தங்கவில்லை என்ற கவலையோடு மட்டும் இதைப் பார்ப்பது எங்கள் வழக்கம். நாற்பது வயதில் வரக்கூடிய சலரோகத்தின் அறிவிப்பாகவும் இதை வாசிக்க வேண்டும்.

மூன்றாவது கர்ப்பகால நீரிழிவு. கர்ப்பம் இயல்பாகவே இன்சுலினுக்கு எதிர்ப்பைக் கூட்டுவது. பீற்றா கலங்களின் கையிருப்பு எவ்வளவு என்பதை அது அம்பலப்படுத்திவிடும். இலங்கைப் பெண்களைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் மீளப் பரிசோதித்து 2017இல் வெளியான ஆய்வு, கர்ப்பத்தில் சீனி கூடியிருந்தவர்களுக்குப் பின்னர் நீரிழிவு வரும் வேகம் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு என்று கண்டது. பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிடுவதால் பலர் அந்தக் கிளினிக் கொப்பியை மூடி வைத்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் ஒரு பரிசோதனை என்று அந்தக் கொப்பி ஆயுள் முழுவதும் திறந்திருக்க வேண்டியது.

எதை அளப்பது, எதை விடுவது

இன்சுலின்தான் முதலில் மாறுகிறது என்றால் எல்லாப் பிள்ளைகளின் இன்சுலினையும் அளந்துவிடலாமே என்று தோன்றும். தனியார் ஆய்வுகூடங்களில் அதற்கு வசதியும் உண்டு. வேண்டாம் என்பதே என் முடிவு. இன்சுலின் அளவு ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபடும். நாளுக்கு நாளும் மாறும். இவ்வளவுக்கு மேல் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லையும் இல்லை. வெறுவயிற்று இன்சுலினையும் குளுக்கோசையும் பெருக்கி 22.5ஆல் வகுக்கும் ஹோமா கணக்கை 1985இல் வகுத்தவர்களில் ஒருவரான ஒக்ஸ்பேர்டின் டேவிட் மத்தியூஸ், கட்டுலந்தவின் 2005–2006 ஆய்விலும் பங்கெடுத்தவர். கூட்டங்களை ஒப்பிட்டு ஆராய்வதற்கு அந்தக் கணக்கு மிகச் சிறந்தது. ஒரு தனிப் பிள்ளைக்கு மருந்து எழுதுவதற்கு அது போதாது. அடிப்போனெக்ரினுக்கும் இதுவே பொருந்தும்.

அந்த ஓமோன்களின் நிழலை அளக்கத் தையற்காரரின் நாடா போதும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால் கவனம் வேண்டும். 2005இல் மோகனின் குழு சென்னையில் உருவாக்கிய இந்திய நீரிழிவு ஆபத்துப் புள்ளிமுறை நான்கே விடயங்களைக் கேட்கிறது: வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய். 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். வெள்ளவத்தையில் கணினி முன் அமர்ந்து வேலைசெய்யும் 36 வயது ஆண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயதுக்கு 20, இடுப்பு 95 சென்ரிமீற்றர் என்பதால் 10, தாய் தந்தை இருவருக்கும் நோய் என்பதால் 20, உடற்பயிற்சியே இல்லை என்பதால் 30. மொத்தம் 80. இதில் வயதையும் பெற்றோரையும் அவர் மாற்ற முடியாது. மீதி 40 புள்ளிகள் அவர் கையில் இருக்கின்றன.

புள்ளி கூடியவர்கள் வெறுவயிற்றுச் சீனியோடு நின்றுவிடக்கூடாது. 75 கிராம் குளுக்கோசு குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை, மறைந்திருப்பதை வெளிக்கொணரும். வெறுவயிற்றில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம், இரண்டு மணித்தியாலத்தில் 200 என்பவை நோயின் எல்லைகள். 140க்கும் 199க்கும் இடைப்பட்ட இரண்டு மணித்தியால அளவு, திரும்பி வரக்கூடிய கட்டம்.

தடுக்க முடியுமா

முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய தடுப்பு ஆய்வு 2002இல், உணவு மாற்றமும் நடையும் நோயை 58% குறைத்தன என்று காட்டியது. மெற்போமின் குளிசை 31% குறைத்தது. ஏ. இராமச்சந்திரன் இந்தியாவில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. முன்நீரிழிவு இருந்த 531 பேரில், வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55% பேருக்கு நோய் வந்தது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் 39.3%. அவர்களின் நிறை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பயன் கிடைத்தது. நடந்தேன், மெலியவில்லை, ஆகவே வீண் என்று கைவிடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கொழும்பே நடத்திய பரிசோதனையும் உண்டு. இலங்கை நீரிழிவுச் சங்கத்தின் மகேன் விஜேசூரியவும் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளரும் 6 முதல் 40 வயது வரையான 23,298 நகரத்தவரைச் சோதித்தனர். கூடிய நிறை, கூடிய இடுப்பு, உடலுழைப்பின்மை, பெற்றோர் அல்லது சகோதரரின் நீரிழிவு ஆகிய நான்கில் இரண்டேனும் உள்ளவர்களில் 4,672 பேரைத் தெரிந்தெடுத்தனர். ஒரு சாராருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனை. மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. 2017இல் வெளியான முடிவின்படி, அடிக்கடி ஆலோசனை பெற்றவர்களிடம் நீரிழிவு, முன்நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் முதலியவை சேர்ந்த கணக்கு குறைந்தது. 18 வயதுக்கு உட்பட்டோரிடம் பயன் கூடுதலாக இருந்தது. மருந்தில்லாமல், பேச்சினாலும் தொடர்ந்த கவனிப்பினாலும் மட்டும் கிடைத்த பலன் இது.

மறைக்கப்படும் வரலாறு

இவ்வளவும் ஒரு நேர்மையான பதிலில் தங்கியிருக்கிறது. அந்தப் பதில் கிடைப்பதில்தான் சிக்கல். 2005–2006 ஆய்வில் நோய் இருந்தவர்களில் 36% பேருக்கு அது இருப்பதே தெரியாது. அப்படியானால் "எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை" என்ற பதில், பல வீடுகளில் "ஒருவரும் சோதிக்கவில்லை" என்பதாகவே இருக்கும். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் தாத்தா பாட்டி எதனால் இறந்தார்கள் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. கலியாணம் பேசும் காலத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சலரோகத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். மகளின் மாதவிடாய்க் கோளாறு தாயின் காதோடு நின்றுவிடுகிறது. நகரத்தில் நாலில் ஒருவருக்கு இருக்கும் நோயில் ஒளிக்க எதுவுமில்லை. ஒளிப்பதால் இழப்பது, நோயைத் தடுக்கப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் ஆண்டுகள்.

அரசின் சுகவாழ்வு நிலையங்கள் 2011 முதல் இலவசமாகப் பரிசோதித்து வருகின்றன. அது பெரிய சேவை. ஆனால் அவை முதன்மையாக 35 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. பெற்றோருக்கு நோய் உள்ள பிள்ளையின் இன்சுலின் அதற்கு வெகு முன்னரே மாறத் தொடங்கிவிடுகிறது. ஆகவே பெற்றோரின் சலரோகக் கிளினிக்கே பிள்ளையின் தடுப்பு நிலையமாகவும் மாற வேண்டும். தாயோ தந்தையோ மருந்து எடுக்க வரும் நாளில், "பிள்ளைகளுக்கு எத்தனை வயது? இடுப்பு அளந்தீர்களா?" என்று கேட்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

வீட்டில் செய்யக்கூடியவையும் எளிமையானவையே. வெள்ளைச் சோற்றைப் பாதியாக்கி மரக்கறியையும் பருப்பையும் மீனையும் கூட்டுவது, தேத்தண்ணியில் சீனியை விடுவது, வெள்ளை மாப் பிட்டுக்குப் பதில் குரக்கன் பிட்டு, இரவுச் சாப்பாட்டை முன்னே கொண்டுவருவது, நாளுக்கு அரை மணித்தியாலம் நடப்பது. வெள்ளவத்தைக்காரருக்குக் கடற்கரையோர மரைன் டிரைவ் இருக்கிறது. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களில் இருப்போருக்குப் பாதுகாப்பாக நடக்க இடம் தருவது மாநகர சபையின் கடமை.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே ஒரு தாளை எடுத்து, தாய்வழி தந்தைவழி இரு பக்கத்திலும் யார் யாருக்கு எந்த வயதில் சலரோகம் வந்தது என்று எழுதுங்கள். தெரியாததை ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். கர்ப்பத்தில் சீனி ஏறிய பெண்களையும் சேருங்கள். பின்னர் பிள்ளைகளின் இடுப்பை அளந்து, அந்தத் தாளை உங்கள் குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள். பிள்ளைக்கு இருபது வயதாகும்போது இதைச் செய்த குடும்பத்துக்கு, சீனி ஏறும் முன் பத்து ஆண்டுகளேனும் கையில் இருக்கும்.